அப்பாவின் பல்லில் நிற்காத பசை

அப்பாவின் கீழ்வரிசை முன்பல்லில் நான் கட்டியிருந்த புதுப்பல் மறுபடியும் கழன்று விழுந்த அன்று எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். சாம்பாரில் ஊறிப்போன இட்லி. அதைக் கடித்ததற்கா விழ வேண்டும்? கரும்பையா கடித்தார் மனுஷன்? மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் விழுந்த துண்டைத் தண்ணீரில் அலம்பி, மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு எடுத்துக்கொண்டு கீழே கிளினிக்குக்கு இறங்கி வந்தார். காத்திருந்தவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, தன் முறை வரும்வரை வாயைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். சொந்த மகளிடம் வருவதற்கு எதற்கு வரிசை என்று கேட்டால், "பேஷண்ட்டுன்னா பேஷண்ட்டுதாம்மா" என்பார். அந்தப் பவ்யத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் பல் டாக்டர். அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் கீழே கிளினிக், மேலே வீடு. அப்பா ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து, குவார்ட்டர்ஸில் என்னை வளர்த்து ஆளாக்கி, பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வீடும் கட்டினார். அம்மா போனபின் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு என்னோடு வந்துவிட்டார். பெயிண்ட் பிரிவில் தின்னர் நெடி தாங்காமல் ஆளாளுக்குக் கன்னத்தில் புகையிலையை ஒதுக்கிக்கொள்வார்கள். அப்பாவும் ஒதுக்கினார். ஓய்வு பெற்ற பிறகும் ஒதுக்கினார். கடைசியில் அந்தக் கன்னத்திலேயே புற்றுநோய் வந்தது.

அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு கதிர்வீச்சு. அதற்கு முன்னாலேயே கெட்டுப்போன கடைவாய்ப் பற்களை எல்லாம் பிடுங்கிவிட்டார்கள். மீதி நின்றது முன்பற்கள் மட்டும். அந்த மாதங்களில் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, கஞ்சியையும் பருப்புத் தண்ணீரையும்தான் ஊற்றினோம். அப்பா வலிக்குக்கூட முனகியதில்லை. அந்தக் குழாயைத்தான் வெறுத்தார். ஒரு தடவை தூக்கத்தில் பிடுங்கி எறிந்துவிட்டார். மறுபடி மாட்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை நான் மறக்கவில்லை. குழாயை எடுத்த அன்று, "இனிமே இத்த வெச்சீன்னா நான் ஏரில போய் வுயுந்துடுவேன், சொல்லிட்டேன்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னதில்லை. கஞ்சி வாசனை வந்தாலே அறையை விட்டு எழுந்துபோவார்.

கதிர்வீச்சு பட்ட வாயில் எச்சில் ஊறாது. எச்சில் இல்லாத வாயில் பற்கள் ஈறை ஒட்டின இடத்தில் பழுப்பாகி, மெத்தென்றாகி, ஒரு நாள் சுண்டினால் உடைந்து விழும். சரி, பிடுங்கிவிட்டுப் போவோம் என்றால் பிடுங்கவும் கூடாது. கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பு ஆறாது, அழுகிப்போகும். கழற்றி மாட்டுகிற பல்செட்டும் காய்ந்த வாயில் உட்காராது, ஈறைப் புண்ணாக்கும். பசையே வேண்டாத சிமெண்ட் ஒன்று இருக்கிறது, அதையும் வைத்துப் பார்த்தேன். அது ஈரமில்லாத வாயில் வெடித்துப் போனது. ஆகவே உடைந்த பல்லின் மேல் புதுப்பல்லைப் பசை போட்டுக் கட்டுவது ஒன்றுதான் வழி. அது நின்றால் அப்பா மெல்லுவார். நிற்காவிட்டால் மெல்ல முடியாது, சாப்பாடு குறையும், எடை இறங்கும். இன்னும் இறங்கினால் மறுபடி குழாய்தான் என்று ஆஸ்பத்திரியில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல்லின் உட்புறம் எப்போதும் ஈரமாக இருக்கும். பசையோ எண்ணெய் ஜாதி. இரண்டும் சேராது. அதனால் பசையை அசிட்டோனிலோ ஆல்கஹாலிலோ கரைத்துத் தருகிறார்கள். அது பல்லின் கண்ணுக்குத் தெரியாத துளைகளுக்குள் பசையை இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு, தான் பறந்துபோய்விட வேண்டும். நாங்கள் காற்றடித்துப் பறக்கவிடுவோம். அதன் பிறகுதான் நீல விளக்கைக் காட்டி இறுக வைப்போம். பறக்காமல் உள்ளேயே தங்கினால் பசை இறுகாமல் கொழகொழவென்று நிற்கும். குப்பியைத் திறந்துபோட்டு அசிட்டோன் முன்னாலேயே பறந்துவிட்டால் பசை கெட்டியாகி உள்ளே இறங்காது. அசிட்டோன் கூடிப்போனாலோ பசை நீர்த்து, இருக்கிற இடமே தெரியாத மெல்லிய படலமாகிவிடும். கூடினாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு.

இதையெல்லாம் நான் அஞ்சு வருஷம் காலேஜில் படித்தேன். அப்பாவோ பெயிண்ட் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டே தெரிந்துகொண்டவர். அங்கேயும் அதே கதைதான். ஒரு பூச்சு அடித்துவிட்டு தின்னர் பறக்கும்வரை காத்திருந்துதான் அடுத்த பூச்சு அடிக்க வேண்டும், அவசரப்பட்டால் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். ஆகவே நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துவைத்திருக்கும்போதுகூட அவர் விடமாட்டார். வாயில் என் கண்ணாடியும் பஞ்சும் இருக்க, "பறக்க வுடு... பறக்க வுடும்மா..." என்பார்.

"தெரியும்பா."

"அவசரப்பட்டியானா உரிச்சிகினு வந்துடும்."

"அப்பா, வாயை மூடுங்க. ஐயோ, நிஜமா மூடாதீங்க!"

என் உதவியாளர் சிரிப்பை அடக்கமாட்டாமல் திரும்பிக்கொள்வாள். அயனம்பாக்கத்துக்காரி, என்னைவிடப் பெரியவள். அவள் வீட்டார் ஏரிக்கரையில் நெல் போட்டவர்கள், இப்போது அவள் கிளினிக்கில், அவள் புருஷன் லாரியில். கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம், எனக்கு இருப்பதைப் போலவே.

அந்தக் கோடையில் அப்பாவின் பற்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழல ஆரம்பித்தன. இன்று கட்டினால் அடுத்த வாரம் கண்ணாடிக் கூட்டில் வந்து நிற்கும். நான் என் கையைச் சந்தேகப்படவில்லை, பசையைச் சந்தேகப்பட்டேன். அம்பத்தூர் வெயிலில் அசிட்டோன் மூடி போட்டிருந்தாலே பறந்துவிடும் என்று தோன்றியது. குப்பியை ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னேன். முன்கூட்டியே கிண்ணத்தில் சொட்டுவிட்டு வைக்கிற பழக்கத்தை நிறுத்தச் சொன்னேன். ஆல்கஹாலில் கரைத்த பசை வாங்கினேன், தண்ணீர் கலந்தது வாங்கினேன், மறுபடி அசிட்டோனுக்கே வந்தேன். எதுவும் நிற்கவில்லை. அப்பா மெலிந்துகொண்டே வந்தார். பெல்ட்டில் புதிதாக ஆணியால் ஓட்டை போட்டிருந்ததைத் துணி மடிக்கும்போதுதான் பார்த்தேன். பார்த்ததும் அவரிடம் கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

கொஞ்ச நாளில் மற்றவர்களுக்கும் கழல ஆரம்பித்தது. அதுவரை என் கிளினிக்கில் அப்படி நடந்ததே இல்லை. பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தி, ஹால் நிறைய ஆட்கள் இருக்கும்போது, "இன்னா டாக்டரம்மா, போன வாரம் நீ அடைச்சத நேத்து சோத்தோட சேர்த்து முழுங்கிட்டேன்! வவுத்துல போய் இன்னா பண்ணுமோ!" என்று கூவினாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவளுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு உதவியாளர் மேல் பாய்ந்தேன்.

"மூடியைத் திறந்துபோட்டுட்டு போன்ல பேசிட்டு இருந்தியா?"

"நா இன்னா பண்ணேன் மேடம்? மூடி போட்டு மூடி போட்டு என் வெரலே தேஞ்சிபூட்ச்சி. ஃபிரிட்ஜில வைன்னீங்க, வெச்சேன். எடுன்னீங்க, எடுத்தேன். உங்க அப்பா பல்லு நிக்கலன்னா அதுக்கு என்னையா கடிப்பீங்க?"

சுருக்கென்று இருந்தது. அவள் சொன்னது நியாயம்தான், அதனாலேயே இன்னும் கத்தினேன். அவள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள், பேசவில்லை.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம். சாப்பாட்டுக்கு மூடியிருந்தோம். உதவியாளர் கடைக்குப் போயிருந்தாள். நான் மாடியில் போனை விட்டுவிட்டேன் என்று தேடி, பிறகு அது கீழே இருப்பது ஞாபகம் வந்து இறங்கினேன். உள்ளே அப்பா. மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, பசைக் குப்பியின் மூக்கைக் கழற்றி வைத்திருந்தார். பக்கத்தில் கண்ணாடிப் பலகை துடைக்க நாங்கள் வைத்திருக்கும் அசிட்டோன் பாட்டில். கையில் ஊசியில்லாத சிரிஞ்ச். ஒரு சொட்டு, ஒரு சொட்டாக விட்டு, குலுக்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். அந்த நிமிஷம் அவர் முகத்தில் இருந்த அக்கறையைச் சொல்ல வேண்டும். உடம்பு சரியில்லாதவர் முகமாகவே அது இல்லை. வேலையில் நிற்கிற ஆளின் முகம்.

"அப்பா! என்னப்பா பண்றீங்க?"

துளிகூடப் பதறவில்லை. "கெட்டியா கீதும்மா. தின்னர் பறந்துபூட்ச்சி. இப்டி இருந்தா எப்டி உள்ள போவும்? அதான் கொஞ்சம் எளக்கி வெச்சேன்."

"எத்தனை நாளா?"

"நீ ஃபிரிட்ஜில வெச்சதுலேந்துதான். எப்பப் பாத்தாலும் கெட்டியாவே கீதே. உனக்கு எங்க நேரம், பேஷண்ட்ட பாப்பியா, இத்தப் பாப்பியா."

ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த எதுவும் கெட்டியாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் தானாக இளகிவிடும். பெயிண்ட் பிரிவில் யார் பெயிண்ட்டை ஃபிரிட்ஜில் வைத்தார்கள்? கெட்டியானால் தின்னர் ஊற்று, அதுதான் அவர் கண்ட வழி. அசிட்டோன் பறந்துவிடுமே என்று பயந்து நான் குளிரில் வைக்க, அசிட்டோன் பறந்துவிட்டது என்று பயந்து அவர் மேலே ஊற்ற, குப்பியில் பசை எங்கே இருந்தது? பாதி அசிட்டோன்தான் இருந்தது. அதைத்தான் நான் ஊரார் வாயில் எல்லாம் தடவி, பவிசாக நீல விளக்குக் காட்டியிருக்கிறேன்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாம்மா, ராங்கா பண்ட்டேனா?" என்றார். அவரைக் கட்டிக்கொண்டேன். அம்மா போன நாளுக்குப் பிறகு அவரை அப்படிக் கட்டிக்கொண்டது அன்றைக்குத்தான் இருக்கும். எலும்பெல்லாம் கைக்குத் தட்டுப்பட்டது. ஆனால் நான் சந்தோஷமாக இருந்தேன். காரணம் கிடைத்துவிட்டதே! காரணம் என்று ஒன்று இருந்தால் அதைச் சரிசெய்துவிடலாம். அவர் ஊற்ற ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே பற்கள் கழன்றுகொண்டுதான் இருந்தன என்பதை அன்று நான் நினைக்கவே இல்லை. நினைக்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

உதவியாளரிடம் மன்னிப்புக் கேட்டேன். "உங்க அப்பா மட்டும் எங்க மாமனாரா இருந்தாருன்னா, இன்னேரம் தெருவுக்கே கேட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து பேச ஆரம்பித்தாள். கழன்றுபோனவர்களை எல்லாம் கூப்பிட்டுப் புதுக்குப்பியில் மறுபடி அடைத்துக் கொடுத்தோம். எல்லாருக்கும் நின்றது. முழுங்கின அம்மாவுக்குக்கூட நின்றது. அவள் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து பல் காட்டினாள்.

பிறகு அப்பாவின் முறை. காலையில் மற்ற யாரும் வருவதற்கு முன்னால் உட்காரவைத்தேன். முத்திரை உடைக்காத குப்பி. வெளியே வைத்து இளகவிட்டு, நன்றாகக் குலுக்கி, ஒரு சொட்டுத்தான் எடுத்தேன். பல்லின் மெத்தென்ற பகுதியைச் சுரண்டிச் சுரண்டி, கெட்டி தட்டுப்படும்வரை போனேன். அவர் வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. அதற்குள் கையை நுழைத்து, பசையைத் தடவித் தேய்த்து, காற்றை முதலில் மெதுவாக, பிறகு பலமாக அடித்தேன். பல்லின் மேல் பசை அலை அடங்கிப் பளபளவென்று அசையாமல் நின்றது. பாடப்புத்தகத்தில் சொல்கிற மாதிரியே நின்றது.

"பறந்துச்சா?" என்றார் தொண்டைக்குள்ளிருந்து.

"பறந்துச்சுப்பா. சுத்தமா பறந்துச்சு."

அன்று என் கையில் ஒரு குறையும் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். பல் நின்றது. அடுத்த வாரமும் நின்றது. அதற்கடுத்த வாரமும். அப்பா சப்பாத்தியைப் பாலில் ஊறவைக்காமலே பிய்த்துக் கடித்தார். பஸ் பிடித்துப் பருத்திப்பட்டு ஏரிக்குப் போய், கூட வேலை பார்த்தவர்களோடு நடைபாதையில் நடந்துவிட்டு வந்தார். வாயை மூடத் துண்டு எடுத்துக்கொண்டு போகவில்லை. "எல்லாரும் கேட்டானுங்க, யாருகிட்ட கட்னேன்னு. எங்க ஊட்ல ஒரு டாக்டரு கீது, ரொம்பக் கோவக்கார டாக்டரு, ஆனா வேல சுத்தம்னு சொன்னேன்" என்றார். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள், இறங்கவில்லை. வரும் வழியில் பூந்தமல்லி நெடுஞ்சாலைச் சிக்னலில் நின்றபோது, வண்டிகளின் இரைச்சலோடு போட்டிபோட்டுக்கொண்டு சத்தமாகப் பாடினேன். பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா முதுகில் தட்டி, "ரோட்ட பாத்து ஓட்டு" என்றார்.

விழுந்தது வாழைப்பழத்தில். கனிந்த பழம், குழந்தைக்கு ஊட்டலாம், அவ்வளவு மெது.

இந்தத் தடவை அவர் வரிசையில் உட்காரவில்லை. நேராக உள்ளே வந்து, உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டு, நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார். "நா ஒண்ணும் ஊத்தலம்மா. சத்தியமா. உங்கம்மா மேல ஆணையா அந்தப் பக்கமே போவல."

"நான் கேக்கலப்பா. உக்காருங்க."

விழுந்த பல் துண்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினேன். பசை விட்டுப்போயிருந்தால் அதன் அடிப்பக்கம் வழவழவென்று, நான் தடவினபடியே இருக்க வேண்டும். இல்லை. அடிப்பக்கம் முழுக்கப் பழுப்பாகச் சொரசொரவென்று ஏதோ ஒட்டியிருந்தது. கண்ணாடி போட்டுப் பார்த்தேன். பல். அப்பாவின் பல். பசை விடவே இல்லை. நான் கட்டியது அவர் பல்லை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது. பல்தான் தன்னிடமிருந்து தானே பிய்ந்து வந்திருந்தது. குப்பியின் மேல், வெயிலின் மேல், உதவியாளர் மேல், அவர் மேல் என்று நான் போட்ட பழியெல்லாம் வீண். எந்த அசிட்டோனை எவ்வளவு பறக்கவிட்டாலும், தலைகீழாக நின்றாலும், இனி இது நடக்காது. அடுத்த பல்லும் இப்படித்தான் போகும், அதற்கடுத்ததும்.

"கம்மு புடிக்கலையா?" என்றார்.

"நல்லாத்தான்பா புடிச்சிருக்கு."

"அப்புறம் இன்னா? திருப்பி ஒட்டு."

விளக்கை இழுத்து வாய்க்குள் பார்த்தேன். ஈறுக்கு மேலே ஒன்றும் இல்லை. ஈறு மட்டத்தில் ஒரு பழுப்பு வட்டம். கருவியால் தொட்டேன், நனைந்த சாக்பீஸ் போல அமுங்கியது. கருவியை எடுத்துவிட்டேன். உதவியாளர் பசைக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, திறப்பதா வேண்டாமா என்று என் முகத்தையே பார்த்தாள். நான் வேண்டாமென்று தலையை ஆட்டினேன். அவள் அதை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

"ஒட்டறதுக்குக் கீழ எடமில்லப்பா" என்றேன்.

அப்பா மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "அப்ப திருப்பி மூக்குல கொயாதானா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று யாருக்குத் தெரியும்? ஊருக்கெல்லாம் ஆறுதல் சொல்கிற வாய்க்கு அன்று ஒரு பொய் சொல்ல வரவில்லை. "ஆமாம்பா" என்றேன்.

கத்துவார் என்று நினைத்தேன். ஏரியைப் பற்றிச் சொல்வார் என்று பயந்தேன். எழுந்து மாடிக்காவது போவார் என்று நாற்காலியை நிமிர்த்தப் பொத்தானில் கை வைத்தேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டார். மறுபடி சாய்ந்துகொண்டு, கண்ணை மூடி, வாயைத் திறக்க முடிந்த அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டு, நான் ஒட்டுவதற்காகக் காத்திருந்தார்.